நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோயும்: விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கறவை மாடு வைத்திருப்பவர்கள் அதற்குப் புண்ணாக்கும் மாவுத் தீவனமும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வதில்லை. வைக்கோல், சோளத்தட்டை, பசும்புல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நார் குறைந்தால் அசை போடுவது குறையும், வயிறு கெடும், பாலில் கொழுப்பும் இறங்கிவிடும். மாட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும் அதே வீட்டில், மனிதர்களின் தட்டில் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசியே இருக்கிறது. தோட்டத்தில் விளைந்த கேழ்வரகும் கம்பும் பயறும் சந்தைக்குப் போய்விடுகின்றன.

மனிதனின் பெருங்குடலுக்கும் நார் தேவை. அது மலச்சிக்கலைத் தவிர்ப்பதற்கு மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்க்கும் நார்ச்சத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டியுள்ளன. உலகில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இதனால் இறந்தனர். மேலை நாடுகளுடன் ஒப்பிட்டால் இந்தியாவில் இந்நோயின் வீதம் குறைவு. ஆயினும் நகரங்களில் அது ஏறுமுகமாக இருக்கிறது.

நோய் தோன்றும் விதம்

பெருங்குடலின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு உள்ளது. அதன் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து, புதியவை தோன்றிக்கொண்டே இருக்கும். இவ்வாறு ஓயாமல் பெருகும் செல்களில் சிலவற்றின் மரபணுவில் பழுது ஏற்பட்டால், அவை கட்டுப்பாடின்றிப் பெருகிச் சிறு மொட்டுப் போல் திரளும். இதைப் 'பாலிப்' என்கிறார்கள். எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறுவதில்லை. மாறுபவையும் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. இத்தனை மெதுவாக வளரும் நோய் என்பதால்தான் அன்றாட உணவுக்கு இதில் இவ்வளவு முக்கியத்துவம் உள்ளது.

உகாண்டாவில் கவனித்த டாக்டர்

டெனிஸ் பர்கிட் என்பவர் அயர்லாந்தைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை டாக்டர். 1946-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவுக்குச் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். இங்கிலாந்தில் அடிக்கடி காணப்பட்ட பெருங்குடல் புற்றுநோய், உகாண்டாவின் கிராம மக்களிடையே மிக அபூர்வமாக இருப்பதை அவர் கண்டார். அம்மக்கள் தீட்டாத தானியம், கிழங்கு, பயறு ஆகியவற்றை நிறைய உண்டனர். மேலை நாட்டாருடன் ஒப்பிட்டால் அவர்களுடைய மலத்தின் அளவு மிகுதி. குடலை விட்டு அது வெளியேறும் நேரமும் குறைவு. நார்ச்சத்தே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று 1971-இல் அவர் எழுதினார்.

இது ஒரு கருத்தாக மட்டுமே அப்போது இருந்தது. இரு நாட்டு மக்களுக்கிடையே உணவில் மட்டுமின்றி உழைப்பு, உடல் எடை, புகை, மது என வேறு பல வேறுபாடுகளும் உண்டல்லவா? உணவை மட்டும் மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது.

உணவை மாற்றிய இரண்டு வாரம்

இக்கேள்விக்கு விடை காண ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2015-இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேர். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கிராமவாசிகள் 20 பேர். முதல் வகையினரிடையே பெருங்குடல் புற்றுநோய் ஆண்டுக்கு லட்சம் பேரில் 65 பேருக்கு வருகிறது. இரண்டாம் வகையினரிடையே லட்சத்தில் 5 பேருக்கும் குறைவு.

இரு தரப்பாரின் உணவும் இரண்டு வாரங்களுக்கு இடம் மாற்றப்பட்டது. நகரத்தார் பயறும் மக்காச்சோளமும் மிகுந்த கிராம உணவை உண்டனர். அவர்களுடைய நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. கிராமத்தார் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த நகர உணவை உண்டனர். அவர்களுடைய நார்ச்சத்து 66 கிராமிலிருந்து 12 கிராமாக இறங்கியது.

பதினான்கே நாட்களில் குடலில் மாற்றம் தெரிந்தது. நகரத்தாரின் குடல் சவ்வில் அழற்சியும் செல்கள் பெருகும் வேகமும் குறைந்தன. குடலுக்கு நன்மை செய்யும் 'பியூட்டிரிக்' அமிலத்தின் உற்பத்தி இரண்டரை மடங்கு ஆயிற்று. கிராமத்தாரிடம் இவை அத்தனையும் தலைகீழாயின. பியூட்டிரிக் அமிலம் பாதியாகக் குறைந்தது.

இச்சோதனையில் யாருக்கும் புற்றுநோய் வரவும் இல்லை, தீரவும் இல்லை. இரண்டு வாரத்தில் அது நடக்கக்கூடியதும் அல்ல. புற்றுநோய்க்கு முன்னோடியான குறிகள் உணவுக்கு ஏற்ப எவ்வளவு விரைவில் மாறுகின்றன என்பதையே இது காட்டிற்று. நார் மிகுந்த உணவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட, உணவு மாறினால் பாதுகாப்பு நிலைக்காது என்பது இதில் கிடைக்கும் முக்கியமான பாடமாகும்.

மாட்டின் வயிறும் மனிதனின் குடலும்

மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரை அவை புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் மூன்று அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

மனிதனின் பெருங்குடலிலும் இதே வேலை சிறிய அளவில் நடக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் வந்து சேரும் நாரையும் ஒரு வகை மாவுப்பொருளையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அதே மூன்று அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடல் சவ்வுச் செல்களின் முக்கிய உணவு. நல்ல செல்களுக்கு ஊட்டம் தரும் இந்த அமிலம், பழுதுபட்ட செல்களின் பெருக்கத்தைத் தடுத்து, அவை அழியத் துணைசெய்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

நாரினால் வேறு நன்மைகளும் உண்டு. அது நீரை உறிஞ்சி மலத்தின் அளவைக் கூட்டுகிறது. கேடு செய்யும் பொருள்கள் அதில் நீர்த்துப் போவதோடு, குடல் சவ்வின் மேல் தங்கியிருக்கும் நேரமும் குறைகிறது. கொழுப்பு மிகுந்த உணவைச் செரிக்கச் சுரக்கும் பித்தநீரின் ஒரு பகுதியைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் கேடான அமிலங்களாக மாற்றிவிடும். நார் மிகும்போது இந்த மாற்றமும் குறைகிறது.

மாறான முடிவுகளும் உண்டு

ஆராய்ச்சிகள் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தன என்று கூறுவதற்கில்லை. பாலிப் அகற்றப்பட்ட 2,079 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் நான்கு ஆண்டுகள் நார் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவை உண்டனர். பாலிப் மீண்டும் தோன்றுவது இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் இருந்தது. கோதுமைத் தவிட்டைக் கொடுத்துப் பார்த்த மற்றொரு சோதனையும் பலன் காட்டவில்லை. இவ்விரண்டின் முடிவுகளும் 2000-இல் வெளியாயின.

பின்னர் 2003-இல், ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவைக் குறித்துவைத்து நடத்திய பெரும் ஆய்வின் முடிவு வந்தது. மிக அதிக நார் உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட நோய் வாய்ப்பு சுமார் 25 சதவிகிதம் குறைவாக இருந்தது. முன்னைய சோதனைகள் மூன்று, நான்கு ஆண்டுகளே நடந்தவை. ஏற்கெனவே பாலிப் தோன்றியவர்களிடம் நடந்தவை. கதிர் முற்றிய பிறகு அடியுரம் இட்டுப் பார்த்ததைப் போன்றது அது. வாழ்நாள் முழுவதும் உண்ணும் உணவின் பலனை அவற்றைக் கொண்டு அளக்க முடியாது.

எல்லா ஆய்வுகளையும் சீர்தூக்கிய உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018-இல் தன் முடிவை வெளியிட்டது. தவிடு நீக்காத தானியமும் நார்ச்சத்துள்ள உணவும் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து அநேகமாகப் பாதுகாப்புத் தருகின்றன. நாளொன்றுக்கு 90 கிராம் முழுத் தானிய உணவுக்கு நோய் வாய்ப்பு 17 சதவிகிதம் குறைகிறது என்பது அதன் கணிப்பு. நோயை முற்றிலும் தடுக்கும் வேலி என்று நாரைச் சொல்ல முடியாது. வாய்ப்பைக் குறைக்கும் நல்ல பழக்கம் என்று சொல்லலாம்.

எதில் எவ்வளவு நார்?

100 கிராம் தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவாகவே நார் உள்ளது. அதே அளவு கேழ்வரகில் சுமார் 11 கிராம், கம்பில் 11 கிராம், சோளத்தில் 10 கிராம் இருக்கிறது. முழுப் பாசிப்பயறில் 17 கிராம். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் 9 கிராம். கறுப்பு உளுந்தில் 20 கிராம். தோலை நீக்குவதால் என்ன இழக்கிறோம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒருவர் ஒரு நாளில் 400 கிராம் தீட்டிய அரிசியும், 30 கிராம் துவரம் பருப்பும், 100 கிராம் காயும் உண்டால் அவருக்குக் கிடைக்கும் நார் சுமார் 17 கிராம். பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரிசியை 200 கிராமாகக் குறைத்து, 150 கிராம் கேழ்வரகு, 50 கிராம் முழுப் பாசிப்பயறு, 300 கிராம் காயும் கீரையும், ஒரு கொய்யாப் பழம் என்று மாற்றினால் நார் 45 கிராமைத் தாண்டிவிடும். இவற்றில் கடையில் தேடி வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை.

சாமை, வரகு, தினை ஆகியவற்றை ஆலையில் அரைக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று வரும்வரை தீட்டினால் தவிடு போய்விடும். பிறகு அதற்கும் அரிசிக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். உமி நீங்கினால் போதும். தவிடு உள்ள தானியத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது விரைவில் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு இன்னும் விரைவாகக் கெடும். ஆகையால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்வது நலம்.

கோசுக் குடும்பத்தின் காரம்

நாரைத் தவிர வேறு சில தாவரப் பொருள்களும் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைக் கவர்ந்துள்ளன. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு ஆகியவை ஒரே குடும்பப் பயிர்கள். இவற்றில் 'குளுக்கோசினோலேட்' எனப்படும் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. இலையைப் புழு கடிக்கும்போதோ, கத்தியால் நறுக்கும்போதோ, செடியில் தனியே இருக்கும் ஒரு நொதி இச்சேர்மத்தோடு கலந்து காரமான பொருளை உண்டாக்குகிறது. பூச்சியை விரட்டுவதற்குச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. வைரமுதுகு அந்துப்பூச்சியோ இந்த ஆயுதத்தைச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் பெற்றுவிட்டது. அதோடு, முட்டையிடத் தகுந்த செடி எது என்று கண்டுகொள்ளும் அடையாளமாகவும் இச்சேர்மத்தையே அது பயன்படுத்துகிறது. கோசு வயலில் 20 வரிசைக்கு ஒரு வரிசை கடுகு போட்டு அந்துப்பூச்சியை அங்கே இழுப்பது இதனால்தான்.

இந்தக் காரப்பொருள்களில் ஒன்றான 'சல்போராபேன்' பற்றி 1992-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். உடலில் புகும் நச்சுப் பொருள்களை வெளியேற்றும் நொதிகளை அது தூண்டுகிறது. பிராணிகளிடம் நடந்த சோதனைகள் நம்பிக்கை தந்தன. மனிதர்களின் பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் நாருக்கு உள்ள அளவு உறுதியான சான்று இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்நன்மையைப் பெறச் சமைக்கும் முறையும் முக்கியம். நிறைய நீரில் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் நொதி செத்துப்போகும். சேர்மமும் நீரோடு போய்விடும். நறுக்கிய பின் அரை மணி நேரம் வைத்திருந்து, குறைந்த நீரில் சில நிமிடங்கள் ஆவியில் வேகவிடுவது சிறந்தது. வேகவைத்த பிராக்கோலியின் மேல் கடுகுத்தூள் தூவி உண்டவர்களுக்குச் சல்போராபேன் நான்கு மடங்குக்கு மேல் கிடைத்ததாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் காட்டிற்று. கடுகில் உள்ள நொதி, செத்த நொதியின் வேலையைச் செய்துவிடுகிறது. தாளிக்கும் கடுகில் இந்தப் பலன் இராது. எண்ணெயின் சூட்டில் நொதி அழிந்துவிடும். பச்சடியில் பச்சைக் கடுகை அரைத்துச் சேர்ப்பதே பொருந்தும்.

விலை கொடுத்துப் பிராக்கோலி தேட வேண்டியதில்லை. சமவெளியில் எளிதாக வரும் முள்ளங்கியும் இதே குடும்பம். சுமார் 45 நாளில் கிழங்கு கிடைக்கும். அதன் இளங்கீரையையும் எறியாமல் பொரியல் செய்யலாம்.

மஞ்சளைப் பற்றிய பேராசை

மஞ்சளில் உள்ள 'குர்குமின்' புற்றுநோயைத் தீர்க்கும் என்ற பேச்சு பரவலாக உள்ளது. மஞ்சள் விளைவிப்போர் இதன் உண்மை நிலையை அறிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 4 கிராம் குர்குமினை 30 நாள் கொடுத்த ஒரு சிறு ஆய்வில், பாலிப்புக்கும் முந்திய நிலையிலுள்ள குடல் மாற்றங்கள் 40 சதவிகிதம் குறைந்தன. இது 2011-இல் வெளியானது. பரம்பரையாக நூற்றுக்கணக்கில் பாலிப் தோன்றும் நோய் உள்ள 44 பேருக்கு, ஓராண்டு நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் கொடுத்த சோதனையில் பாலிப் குறையவில்லை. இது 2018-இல் வெளியானது.

மேலும், மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதமே. 4 கிராம் குர்குமினுக்கு 130 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். எந்தக் குழம்பிலும் அது நடக்காது. குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுவதாக 2023-இல் ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சமையலில் மஞ்சள் நல்லது. மாத்திரையாக விழுங்குவது வேறு. மெருகேற்றும்போது ஈயக் குரோமேட் நிறம் சேர்த்த மஞ்சள், எவ்வளவு பளபளத்தாலும் நஞ்சே. அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

காய்கறியில் உள்ள ஒரு சத்தைத் தனியே பிரித்து மாத்திரையாக்கினால் கேடாகவும் முடியலாம். காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடியது. 1994-இல் வெளிவந்த இம்முடிவு பலரை விழிக்கச் செய்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விளைந்த கேழ்வரகு, கம்பு, பயறு ஆகியவற்றில் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதியை விற்க வேண்டும்.

2. கிணற்றடி நீரும் குளியல் நீரும் பாயும் இடத்தில் முளைக்கீரை, முள்ளங்கி, சின்ன வெங்காயம், அவரை, கொய்யா, முருங்கை ஆகியவற்றை வளர்க்கலாம். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும்.

3. நாரை ஒரே நாளில் கூட்டக்கூடாது. தீவனத்தைத் திடீரென மாற்றினால் மாட்டுக்கு வயிறு உப்புவதைப் போல மனிதனுக்கும் உப்பும். மூன்று, நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குடலில் அடைப்போ அறுவைச் சிகிச்சையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பின்பே உணவை மாற்ற வேண்டும்.

4. மதுவும் புகையும் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுபவை. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் வாய்ப்பு 18 சதவிகிதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. கேழ்வரகுக் களி உண்பதால் இவற்றின் கேடு மறைந்துவிடாது.

மூலம் என்று எண்ணி இருந்துவிடக்கூடாது

உணவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிலருக்கு இந்நோய் வரும். நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகின்றனர். மலத்தில் ரத்தம் கண்டால் 'சூடு' என்றும் 'மூலம்' என்றும் எண்ணி, கைமருந்தில் மாதக்கணக்கில் காலத்தைப் போக்குவது இதற்கு ஒரு காரணம். பெண்கள் கூச்சத்தினால் வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை.

மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிமாறி வரும் மலச்சிக்கலும் பேதியும், காரணமின்றி எடை குறைதல், ரத்தசோகை, தீராத வயிற்று வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதமின்றி அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிச் சோதனை செய்துகொள்வது அவசியம். குழாய் வழியே குடலுக்குள் பார்க்கும் சோதனையில் பாலிப் தெரிந்தால், அப்போதே அகற்றிவிடலாம். ஆரம்பத்தில் கண்டால் குணமாகக்கூடிய நோய் இது.

களத்து மேட்டில் தானியம் அளக்கும்போது விதைக்கு என்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைப்பது வழக்கம். வீட்டாரின் அடுப்புக்கு என்றும் ஒரு பங்கை அப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.